விட்டுப் பிடிக்கும் ரீல்

விசைத்தறியில் நாடா இடமும் வலமுமாகப் பாயும்போது அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் சுழல்வதில்லை. தார் அசையாமல் கிடக்க, நூல் அதன் முனை வழியாக உருவிக்கொண்டு வெளியே வரும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நெசவு தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தாரையே சுழலவிட்டு நூலை இழுத்தால், அதைச் சுழற்றுவதிலேயே இழுப்பின் பலம் போய்விடும். இழுப்பு நின்ற பிறகும் அது தன் போக்கில் சுற்றி நூலைச் சிக்கலாக்கும்.

ஆலைக்காரர்களுக்குப் பழகிப்போன இந்த நுட்பம் தூண்டில்காரர்களின் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1884இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த மாலக், வீசும்போது பக்கவாட்டில் திருப்பி வைக்கும் ரீல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நூல் முனை வழியே உருவிப் போனது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் முறுக்கேறியது. 1905இல் பிராட்ஃபோர்டு நெசவாலை முதலாளி ஆல்ஃப்ரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், ஸ்பூலை அசையாமல் நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு கொக்கி ஓடி நூலைச் சுற்றும்படி அமைத்தார். ஆலையில் ஓடிய பாபின்களைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் எந்த ஸ்பின்னிங் ரீலைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அந்த ஏற்பாடுதான்.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1930களில் இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம், வீசும்போது மடக்கித் திறந்து, கைப்பிடியைச் சுற்றினால் தானே மூடிக்கொள்ளும் கம்பி வளையத்தைப் பொருத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் க்ளூஸ் என்ற ஊரில், கடிகார உதிரிபாகங்கள் செய்து பழகியவர்கள் மிட்செல் ரீலை உலகெங்கும் அனுப்பினார்கள். நெசவாலையில் பிறந்த பொருளுக்குக் கடிகாரக்காரர்களின் பல்சக்கரம் வந்து சேர்ந்தது.

நான் நின்று பேச விரும்புவது ஜப்பானின் சக்காய் நகரத்தைப் பற்றி. வாளும் சமையல் கத்தியும் துப்பாக்கியும் அடித்த கொல்லர்களின் ஊர் அது. அந்தக் கைத்திறன் பின்னாளில் சைக்கிள் பாகங்கள் பக்கம் திரும்பியது. 1921இல் அங்கே ஷோசாபுரோ ஷிமானோ ஓர் இரும்புப் பட்டறை தொடங்கினார். அவர் முதலில் செய்து விற்ற பொருள் சைக்கிள் ஃப்ரீவீல். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் மிதித்த கணத்தில் பல் கவ்விக்கொள்ளும். அரை நூற்றாண்டு காலம் இந்த ‘விடுவதும் பிடிப்பதும்’ வேலையைச் செய்த நிறுவனம், 1970இல் மீன்பிடிக் கருவிப் பிரிவைத் தொடங்கியது. 1980களின் நடுவில் பெய்ட்ரன்னர் என்ற ரீலைக் கொண்டுவந்தது. மீன் ஓடும்போது ஸ்பூல் தடையின்றிச் சுழலும். கைப்பிடியைத் திருப்பினால் கவ்விக்கொள்ளும். ஃப்ரீவீல் செய்த பட்டறையிலிருந்து இப்படி ஒரு ரீல் வந்ததை நான் தற்செயலாக நினைப்பதில்லை.

அந்த ரீலுக்கான தேவையை உண்டாக்கியது இங்கிலாந்தின் கெண்டைக் குளங்கள். அங்கே தூண்டில் ராடைத் தாங்கியில் சாய்த்துவிட்டு இரவெல்லாம் காத்திருப்பார்கள். மீன் இழுக்கும்போது தடை தெரியக்கூடாது என்று கம்பி வளையத்தைத் திறந்தே வைப்பார்கள். காற்றடித்தால் நூல் சரிந்து ரீலின் அச்சில் சுற்றிக்கொள்ளும். பயந்து வளையத்தை மூடிவைத்தால், பெரிய மீன் ஒன்று ராடையே குளத்துக்குள் இழுத்துப் போய்விடும். 1970களின் இறுதியில் ‘ஹேர் ரிக்’ என்ற முறை வந்தது. முள்ளில் இரையைக் குத்தாமல், முள்ளை ஒட்டி ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடும் முறை அது. உறிஞ்சிய மீன் முள் குத்தியதும் மிரண்டு பாயும். ராடுகள் பறிபோவது இன்னும் கூடியது. பெய்ட்ரன்னர் வந்ததும் வளையத்தை மூடியபடியே நூலை விட முடிந்தது. பிற நிறுவனங்களும் வெவ்வேறு பெயர்களில் செய்தன: தைவானின் ஒகுமா ‘பெய்ட்ஃபீடர்’ என்றது, அமெரிக்காவின் பென் ‘லைவ் லைனர்’ என்றது. கெண்டைக்குச் செய்த கருவி ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் பெருங்கெளுத்திக்கும், பாங்காக்கின் பங்சம்ரான் குளத்தில் மீகாங் கெளுத்திக்கும் போய்ச் சேர்ந்தது.

ரீலுக்குள் நடப்பதைச் சொல்ல, காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லக்கோட்டையைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் ஒரகடம், மறுபக்கம் வல்லம் வடகால். ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மீனின் இழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் ரீலின் டிராக்கும் அதே தத்துவம்தான். உலோகத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒன்று நடுத்தண்டைப் பற்றியிருக்கும், அடுத்தது ஸ்பூலைப் பற்றியிருக்கும். மேல் திருகை முடுக்கினால் அடுக்கு இறுகும். மீனின் இழுப்பு அதை மிஞ்சினால் ஸ்பூல் வழுக்கி நூலைக் கொடுக்கும். சாதாரண ரீலில் இந்த ஒன்று மட்டும் உண்டு.

பெய்ட்ரன்னர் போன்ற ஃப்ரீ ஸ்பூல் ரீலில் பின்பக்கம் இன்னொரு சிறிய பிரேக்கும் ஒரு நெம்புகோலும் சேர்ந்திருக்கும். நெம்புகோலைத் தள்ளினால் நடுத்தண்டே விடுபட்டு ஸ்பூலோடு சேர்ந்து சுழலும். பின் திருகின் இலேசான பிடி மட்டும் மிஞ்சும். முன் டிராக் நீங்கள் வைத்த இறுக்கத்திலேயே காத்திருக்கும். கைப்பிடியை அரைச் சுற்று திருப்பியதும் ‘டக்’கென்று நெம்புகோல் திரும்பி, தண்டு பூட்டிக்கொண்டு, முழுப் பிடியும் வந்துவிடும். மீனோடு போராடும் நேரத்தில் எதையும் முடுக்கித் தளர்த்த வேண்டியதில்லை.

நம் ஏரிகளின் எல்லாக் கெளுத்திக்கும் இந்த ரீல் வேண்டுமா? வேண்டாம். சாண் அளவு நாட்டுக் கெளுத்திக்குத் தக்கையும் மண்புழுவும் போதும். தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது மீனின் பக்க முள் குத்தாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஏரிக்கரைகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூஸ் நரம்பைச் சுற்றி வீசுகிறவர்களைக் கவனியுங்கள். பாட்டிலின் அடி ஏரியைப் பார்த்திருக்கும், நரம்பு அந்த முனை வழியே உருவிப் போகும். காப்புரிமை ஏதும் இல்லாமல் இல்லிங்வொர்த்தின் ரீல்தான் அது. சிறு மீனுக்கு அதை மிஞ்ச எந்த ரீலாலும் முடியாது என்பதே என் கருத்து.

ஃப்ரீ ஸ்பூலுக்கு உரிய மீன் வாளை. கெளுத்திக் கூட்டத்தைச் சேர்ந்த நன்னீர் வாளையைச் சொல்கிறேன், கடல் வாளையை அல்ல. சிறிய முதுகுத் துடுப்பு, வயிற்றின் கீழே வால்வரை நீளும் துடுப்பு, இரண்டு இணை மீசை, வாய் நிறையக் கூரிய பற்கள். ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1887இல் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். அப்போது இல்லிங்வொர்த்தின் ரீல் பிறக்க இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. தாமஸ் காலத்து ஆங்கிலேயர்கள் சுழலும் உருளையோடுதான் நம் நீர்நிலைகளுக்கு வந்தார்கள்.

இப்போது வாளையைப் பிடிக்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது, அது குறைந்துவருகிறது என்பது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பிடித்துப் பார்த்துத் திரும்ப விடும் எண்ணம் இருந்தால்தான் ரீலுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. நீளமான முதுகுத் துடுப்பும் நான்கு இணை மீசையும் கொண்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு கதை. வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட அந்த மீன் நம் நாட்டு மீன்களைத் தின்று பெருகுகிறது. கிடைத்தால் ஏரிக்குள் திருப்பி விடவே கூடாது. எந்த ஏரியானாலும் மீன்பிடிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்கிய பிறகே ராடை விரிக்க வேண்டும். வல்லக்கோட்டை முருகன் கோயில் குளத்துக்கு அந்தக் கேள்வியே எழாது, அது தீர்த்தம்.

கடையில் நின்றால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் முதலில் கண்ணில் படும்: அதிகபட்ச டிராக் இத்தனை கிலோ. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கையில் பிடித்த ராடு எட்டுக் கிலோ இழுப்பைத் தாங்குவதே பெரும்பாடு. இல்லிங்வொர்த்திலிருந்து சக்காய்வரை இந்தப் பொருளைச் செம்மைப்படுத்தியவர்கள் எல்லோரும் நூல் எவ்வளவு இலேசாகப் பிரிந்து போகும் என்பதற்காகத்தான் மெனக்கெட்டார்கள். நீங்களும் அதையே சோதியுங்கள். நெம்புகோலைத் தள்ளிவிட்டு, பின் திருகை மிகத் தளர்த்தி, நூலை இரு விரலால் மெல்ல இழுங்கள். முதல் அசைவிலேயே, திக்காமல், ஸ்பூல் சுழல வேண்டும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு விடுவது மட்டமான ரீல். மீன் அந்த முதல் வெட்டலிலேயே இரையைத் துப்பிவிடும். பின் திருகைச் சிறிது சிறிதாக முடுக்கினால் பிடியும் சிறிது சிறிதாகக் கூட வேண்டும். ஒன்றுமில்லாமல் இருந்து திடீரென்று இறுகினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, ஸ்பூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்புங்கள். பூட்டு ஒரே அடியில் விழ வேண்டும். பல் உரசும் சத்தம் கேட்கக்கூடாது.

அளவைப் பொறுத்தவரை 4000 அல்லது 6000 எண் ரீல் போதும். 8000, 12000 எல்லாம் கடலுக்கும் பேராற்றுக்கும் ஆனவை. இந்தப் பக்கத்திலேயே பெரிய ஏரியான செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடிதான். நம் ஊர் ஏரிகள் அதைவிடச் சின்னவை. கனமான ரீலைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பதால் கைவலிதான் மிச்சம். உடல் அலுமினியமாக இருந்தால் பளு ஏறும்போது வளையாது. பினியன் பித்தளையாக இருந்தால் பல் சீக்கிரம் தேயாது. இதை வார்ப்புக் கூடத்திலோ கியர் பிரிவிலோ வேலை செய்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்துக் குளத்துப் பழக்கத்தை நம் ஏரிக்கு அப்படியே கொண்டுவருவது சரியல்ல. அங்கே திறந்த நீர். இங்கே ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் கரையோரம் முழுக்க அடைத்துக் கிடக்கின்றன. மீனை இருபது முப்பது மீட்டர் ஓடவிட்டால் நேராகப் புதருக்குள் போய் நூலைச் சுற்றிக்கொள்ளும். அதோடு, நேரம் கொடுக்கக் கொடுக்க வாளை இரையை வயிற்றுக்குள் விழுங்கிவிடும். அப்படி முள் இறங்கிய மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். அதனால் பின் திருகைக் கொஞ்சம் முடுக்கியே வையுங்கள். ஸ்பூல் கிர்ரென்று பாடத் தொடங்கியதும் ராடைக் கையில் எடுங்கள், உடனே கைப்பிடியைத் திருப்புங்கள். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் கட்டியிருந்தால் ராடை வெட்டி இழுக்கத் தேவையில்லை. நூல் இறுகும்போது முள் தானாகவே வாயோரத்தில் கொளுவிக்கொள்ளும். பற்களுக்காக முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம்.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கும் நாரையும் கால் சிக்கி அங்கேயே சாகும். வீட்டுக்கு வந்ததும் ரீலை ஈரத்துணியால் துடைத்து, முன் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே வாரக்கணக்கில் கிடந்தால் உராய்வுத் தட்டுகள் அமுங்கி, அடுத்த முறை ஸ்பூல் திக்கித் திக்கித்தான் சுழலும்.