போர்காட் இருப்புப்பாதையும் துணைக் குத்தகை முறையும் (1856–1863)

முன்னுரை

இந்திய இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் பொறியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பணி என்ன விலைக்கு, எத்தனை கைகள் மாறித் தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது என்னும் வினா அதில் போதிய இடம் பெறவில்லை. பம்பாயையும் தக்காணப் பீடபூமியையும் இணைத்த போர்காட் மலைப்பாதையைச் சான்றாகக் கொண்டு, துணைக் குத்தகை முறையின் இயல்பையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முறையின் தோற்றமும் இயக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் கட்டடம் எழுப்புவோர் கொத்தர், தச்சர் முதலிய ஒவ்வொரு தொழிலாரிடமும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்வதே பெருவழக்காக இருந்தது. தாமஸ் கியூபிட் 1815ஆம் ஆண்டையொட்டி எல்லாத் தொழிலாரையும் தம் நிலையான ஊழியராக அமர்த்தி, முழுப் பணிக்கும் தாமே பொறுப்பேற்றார். முதன்மைக் குத்தகையாளர் என்னும் நிலை இவ்வாறு வலுப்பெற்றது. ஆயினும், பல மைல் நீளும் இருப்புப்பாதையை ஒருவர் நேரடியாக ஆளமர்த்திக் கட்டி முடித்தல் அரிது. எனவே பணி மீண்டும் கூறுகளாகப் பிரிந்தது. இம்முறை அதனைப் பிரித்தவர் உரிமையாளர் அல்லர், முதன்மைக் குத்தகையாளரே.

இம்முறையின் இயக்கம் எளியது. மண்வெட்டு, பாறை உடைப்பு, கற்கட்டு ஆகியவற்றுக்கு அளவு அலகின்படி துணைக் குத்தகையாளர்கள் விலைப்புள்ளி தருவர். முதன்மைக் குத்தகையாளர் அவற்றோடு தம் செலவையும் ஆதாயத்தையும் கூட்டி உரிமையாளரிடம் ஒப்பந்தப்புள்ளி அளிப்பார். பணி கிடைத்தபின் அவர் பெறும் விலை மாறாது. அவர் கொடுக்கும் விலையைக் குறைக்குந்தோறும் ஆதாயம் பெருகும். ஆதலால் துணைக் குத்தகையாளரை ஒருவரோடொருவர் போட்டியிடச் செய்து விலையை இறக்கும் போக்கு இம்முறையின் உள்ளேயே அமைந்துள்ளது. மிகக் குறைந்த விலைக்குப் பணியேற்றவர் கைவைக்கக்கூடிய செலவு பெரும்பாலும் கூலி ஒன்றே.

இப்போக்கிற்கு விலக்கும் உண்டு. தாமஸ் பிராசி (1805–1870) துணைக் குத்தகையாளரைப் போட்டியிடச் செய்வதைக் காட்டிலும் தாமே உரிய விலையைக் கணித்து அவர்முன் வைப்பதையே விரும்பினார். எதிர்பாராத கடும்பாறை குறுக்கிட்டால் விலையை உயர்த்தியும் கொடுத்தார் என ஆர்தர் ஹெல்ப்சு 1872இல் வெளியிட்ட அவரது வாழ்க்கை வரலாறு தெரிவிக்கிறது.

போர்காட்டில் நிகழ்ந்தது

பம்பாய்–தாணே பாதையைக் கட்டியோருள் ஒருவரான வில்லியம் ஃபேவியல், கிரேட் இந்தியன் பெனின்சுலா இருப்புப்பாதை நிறுவனத்திற்காகப் போர்காட் பணியை 1856இல் தொடங்கினார். ஏறத்தாழ 16 மைல் நீளத்தில் 1,831 அடி உயரம் ஏறும் அப்பாதைக்கு 25 குகைப்பாதைகள் தேவைப்பட்டன. பணி துணைக் குத்தகையாளரிடமும், அவர்வழி ஆள்திரட்டும் குழுத்தலைவரிடமும் சென்றது. குழுத்தலைவர், நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் கங்காணி வகித்த இடத்தை ஒத்தவர்.

பணம் மேலிருந்து கீழே வரும். வேலையோ கீழிருந்து மேலே செல்லும். பொறியாளர் பணியை அளந்து சான்றளித்த பின்னரே பணம் இறங்கும். இடையில் ஒருவர் தவறினும் கடைக்கோடியிலிருப்பவர் கூலியை இழப்பார். 1859 சனவரியில் நிகழ்ந்தது இதுவே. துணைக் குத்தகையாளரிடமிருந்து கூலி கிடைக்காத தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், ஐரோப்பியர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே ஃபேவியல் குத்தகையிலிருந்து விலகினார். அடுத்துப் பொறுப்பேற்ற சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே மறைந்தார். அவர் மனைவி ஆலிஸ், மேலாளர்களை அமர்த்திப் பணியைத் தொடர்ந்தார். 1861இல் 42,000க்கும் மேற்பட்டோர் உழைத்த அப்பாதை 1863 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1867இல் அப்பாதையின் மௌ-கி-மாலி பாலம் இடிந்து வீழ்ந்தது.

சட்டத்தின் விடை

1860இல் இயற்றப்பட்ட முதலாளி–தொழிலாளர் தகராறுச் சட்டம், இருப்புப்பாதை முதலிய பொதுப்பணிகளில் எழும் கூலித் தகராறுகளை நீதிபதி விரைந்து தீர்க்க வழிவகுத்தது. எனினும், ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறையிடவும் அதே சட்டம் இடமளித்தது. கூலியை நிறுத்திவைத்தவருக்கு அத்தகைய கடுமை காட்டப்படவில்லை. கிளர்ச்சியின் காரணத்தைவிடக் கிளர்ச்சியையே ஆட்சியாளர் அஞ்சினர் என இதனால் கருத இடமுண்டு.

முடிவுரை

மேலிருந்து பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்னும் நிபந்தனை அக்காலத்தோடு மறையவில்லை. சிங்கப்பூரில் 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டுமானத் துறைக் கட்டணப் பாதுகாப்புச் சட்டமும், மலேசியாவில் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நிபந்தனையைச் செல்லாததாக்கின. எனினும் இச்சட்டங்கள் குத்தகையாளர்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களையே காக்கின்றன. நாட்கூலியாளியின் கூலி அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. போர்காட்டில் எழுந்த வினாவுக்கு முழுமையான விடை காண, குத்தகை ஆவணங்களோடு கூலிப் பதிவுகளையும் இணைத்துப் படிக்கும் ஆய்வுகள் பெருகுதல் வேண்டும்.