சேர்க்கைப் பதிவேட்டில் விடுபட்ட ஒரு பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க ஓசூரில் என் வீட்டுக்கு வந்தாள். பத்திரிகையில் மணமகளின் பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு திருநங்கை. உள்ளே வராமல் வாசலிலேயே தயங்கி நின்றார். "உள்ள வாம்மா" என்று கூப்பிடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

2009 ஜூன். ஆறாம் வகுப்புச் சேர்க்கை வேலை என் பொறுப்பு. இதே அம்மா ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அக்கா பொண்ணு சார். அக்கா தவறிட்டா. இதுக்கு இப்ப நான்தான் அம்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா." மறுநாள் தெரிந்த ஆட்டோ டிரைவர் ஒருவரை அழைத்து வந்து கையெழுத்துப் போட வைத்தார். பத்தாம் வகுப்பு முடியும் வரை பதிவேட்டில் பாதுகாவலர் அந்த டிரைவர்தான். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாட்களில் வளர்த்தவர் கேட்டுக்கு வெளியே நிற்பார்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். 1970களில் சிப்காட் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில். அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய்விட, பாட்டி வருவார், சித்தப்பா வருவார். ஒரு பிள்ளைக்குக் கட்டட மேஸ்திரியையே பாதுகாவலர் என்று எழுதியிருக்கிறேன். பெறாதவர் வளர்ப்பது எனக்குப் புதிதே அல்ல. இவரிடம் மட்டும் ஏன் ஆணைக் கேட்டேன்?

ரிட்டையர் ஆன பிறகு ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) படித்தேன். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். டெல்லி, மும்பை என்று அலைந்து பெங்களூருக்கு வந்து, 1999இல் 'சங்கமா' அமைப்பில் சேர்ந்தார். நாமக்கல்லிலிருந்து பெங்களூர் போகிற சாலை நம் ஓசூர் வழியாகத்தானே போகிறது! அவர்கள் ஜமாத்தில் மூத்தவர் இளையவரை மகளாகத் தத்தெடுப்பார். குருவின் குரு 'நானி', அதாவது பாட்டி. பெற்ற வீடு துரத்திய பிள்ளைக்குச் சோறு போடுவதும் அந்த வீடுதான், கண்டிப்பதும் அந்த வீடுதான். சண்டை சச்சரவும் உண்டு, நம் வீடுகளைப் போலவே.

வரலாற்று வாத்தியார் என்பதால் ஆண்டுகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். நாட்டிலேயே முதல் வாரியம் அது. நான் அவரைத் திருப்பி அனுப்பியது அதற்கு அடுத்த வருடம்! 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. மும்பையில் கௌரி சாவந்த் என்ற திருநங்கை, எய்ட்ஸில் தாயை இழந்த சிறுமியை மகளாக வளர்த்தார். அந்தக் கதை 2017இல் விக்ஸ் விளம்பரமாக வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் சட்டம் இன்னும் முழுதாகக் கூட வரவில்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், திருமணம் ஆகாத ஜோடிகளும் தன்பால் ஜோடிகளும் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்ற விதியை ஐந்து நீதிபதிகளில் மூவர் ஏற்றுக்கொண்டார்கள், இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட். அதே 2023இல் கோழிக்கோட்டில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றார். அவருடைய துணைவி திருநங்கை. பிறப்புச் சான்றிதழில் 'தாய்', 'தந்தை' என்று பிரிக்காமல், இருவரையும் 'பெற்றோர்' என்று குறிப்பிடும்படி 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சின்னக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதே போன்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தவன்தான்.

அன்று காபி குடிக்கும்போது அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார், புள்ளைக்கு சீட் குடுத்தீங்களே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். ஆனால் உங்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். தாலுகா ஆபீசில், ஆஸ்பத்திரியில், பேங்கில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு யார் வந்து நின்றாலும் முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். நான் எழுதத் தவறியது அதைத்தான்.

கல்யாணத்துக்கு நானும் வீட்டம்மாவும் போகிறோம். மொய்க் கவரில் மணமகளின் அம்மா பெயரையும் சேர்த்து எழுதப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்