சல்லடையிலிருந்து வந்த வலை

போன ஜூனில் எங்கள் ஜார்ஜியா வீட்டுப் பின்பக்கத் திண்ணையில் வலை மாற்றினேன். மூன்று பக்கமும் வலையடித்த திண்ணை. பள்ளத்திலிருந்து பழைய ரப்பர் நாடாவை உருவிவிட்டு, புது ஃபைபர்கிளாஸ் வலையை விரித்து, சின்னச் சக்கரத்தால் நாடாவை மறுபடி அழுத்தணும். ரொம்ப இழுத்தால் சட்டம் வளையும், விட்டால் வலை தொங்கும். அங்குலத்துக்கு 18க்கு 16 கண்கள். பார்க்கச் சல்லடை மாதிரியே இருந்தது.

சல்லடையேதான். கனெக்டிகட்டில் சல்லடைக் கம்பித்துணி நெய்த கில்பர்ட் அண்ட் பென்னட் நிறுவனத்துக்கு, 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென்மாநிலச் சந்தை போய்விட்டது. தேங்கிய சரக்குக்குச் சாயம் பூசி, ஜன்னல் வலையாக விற்றார்கள். அப்போது அது வெறும் ஈ விரட்டும் வசதி.

பனாமாவில் கால்வாய் வெட்டிய பிரெஞ்சுக்காரர்கள், எறும்பு ஏறாமலிருக்க ஆஸ்பத்திரிக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். ஜன்னலில் வலை கிடையாது. கிண்ணத்தில் வளர்ந்த கொசு நோயாளியைக் கடித்தது. அவர்கள்மீது குற்றமில்லை, ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல்தான்.

1904இல் அமெரிக்கர்கள் வந்தபோது விஷயம் தெரிந்திருந்தது. மருத்துவர் கோர்கஸ் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார், கட்டடங்களுக்கு வலையடித்தார். ஆனால் சம்பளப் பட்டியல் இரண்டு. அமெரிக்க வெள்ளையருக்குத் தங்கக் காசு, வலையடித்த வீடு. பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகளுக்கு வெள்ளிக் காசு. அவர்களில் பலர் வலையில்லாத வாடகைக் குடியிருப்புகளில் கிடந்தார்கள். 1914 வரை நோயிலும் விபத்திலும் செத்தவர்கள் 5,609 பேர் என்பது அரசுக் கணக்கு. சுமார் 4,500 பேர் கறுப்பினத்தவர். ஆட்கள் அவர்களே அதிகம், வெடிவைத்ததும் அவர்களே. எல்லாச் சாவையும் வலைமேல் போட முடியாது. ஆனாலும், வலையின் பயன் தெரிந்த பிறகுதான் யாருக்கு அடிப்பது என்று முடிவு செய்தார்கள். அது அறியாமை இல்லை, பட்ஜெட்.

கடைசிச் சட்டத்தை மாட்டியபோது மத்தியானம். பக்கத்து வீட்டில் புல் வெட்ட வந்த மூன்று பேர் மரத்தடியில் சாப்பிட்டபடி கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருவர் வந்தார். மற்ற இருவரும் சேறு படிந்த பூட்ஸைக் காட்டி, சிரித்துக்கொண்டே கையசைத்து மறுத்துவிட்டார்கள்.