யாதெங்காவில் உயிர்த்த மண்

புர்கினா ஃபாசோவின் வடக்கே, மாலி எல்லையை ஒட்டிக் கிடக்கிறது யாதெங்கா. 1970-களின் தொடக்கத்தில் சாகேல் பகுதியை வாட்டிய பஞ்சத்தில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். மேல்மண் போய், பொருக்குத் தட்டிய தரையில் மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் வழிந்தோடியது.

பின்னர், வாகிகூயா நகரச் சந்தையில் நடத்திவந்த கடையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கூர்காவுக்குத் திரும்பினார் யாக்கூபா சவாதோகோ. அவர் கையிலெடுத்தது முன்னோரின் 'ஸாய்' முறை. இறுகிய நிலத்தில் சிறு குழிகள் வெட்டி விதைப்பது. யாக்கூபா குழிகளை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கோடையிலேயே எருவும் சருகும் போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. அது துளைத்த வழியில் முதல் மழைநீர் அடிமண்ணுக்கு இறங்கியது. கம்பும் சோளமும் முளைத்தன. எருவோடு வந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகளும் தலைகாட்டின. அவற்றை அவர் பிடுங்கவில்லை. ஒரு ஹெக்டேருக்குப் 10,000 குழிகளுக்கு மேல் வேண்டும். அத்தனையும் கைக்கொத்தால் வெட்டியவை.

மழைக்கு முன்பே நிலத்தைக் கொத்துவது ஊர் வழக்கத்துக்கு மாறானது. பைத்தியம் என்றார்கள், அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். அவர் மீண்டும் நட்டார்; அவை காடாக வளர்ந்தன. 1984 முதல் கூர்காவில் ஆண்டுக்கு இருமுறை சந்தை கூட்டினார். சுற்றுவட்டார விவசாயிகள் விதைகளோடு வந்து பகிர்ந்துகொண்டார்கள், கற்றுக்கொண்டார்கள்.

தனி ஒருவரின் பிடிவாதம் மட்டும் ஒரு வட்டாரத்தையே மாற்றிவிடாது. இங்கு வாழும் மோசி மக்களிடம் இளவட்டங்கள் ஒன்றுகூடி ஒருவர் வயலில் மற்றவர் உழைக்கும் பழைய வழக்கம் உண்டு. அதன்மேல் 1967-இல் 'நாம்' குழுக்களைக் கட்டியெழுப்பினார் பெர்னார் லெதெயா ஊத்ராகோ. 1979-இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு மரம் வளர்க்கும் திட்டத்தோடு வந்தபோது, தங்களுக்கு முதலில் தானியம் வேண்டும் என்பதை விவசாயிகள் உணர்த்தினார்கள். திட்டமே மாறியது; வழிந்தோடும் மழைநீரைத் தேக்கச் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போடுவது முதல் வேலையானது. மட்டம் பார்க்க, நம்மூர்க் கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே நீர்மட்டக் குழாய்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விரைவில் பழகிக்கொண்டார்கள். கல் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம்; அவர்கள் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

யாதெங்காவை உள்ளடக்கிய நடு பீடபூமியில் இப்படி மீட்கப்பட்ட நிலம் 2 லட்சம் முதல் 3 லட்சம் ஹெக்டேர் வரை இருக்கும் என ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஒன்றும் விளையாத தரையில், மழை குறைந்த ஆண்டிலும் ஹெக்டேருக்கு 300 கிலோவுக்குக் குறையாமல் தானியம் கிடைத்தது.

யாக்கூபாவுக்கு 2018-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது வந்தது. அதற்குள் வாகிகூயா நகரம் விரிந்து அவருடைய காட்டின் ஒரு பகுதியையும் மனைகளாக்கத் தொடங்கியிருந்தது. 2023 டிசம்பரில் அவர் காலமானார். உலகம் கொண்டாடிய அந்தக் காட்டை முழுதாகப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. அதில் அது தவறிவிட்டது.