விமான நிலையமும் வேட்டைக்காடும்

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துக்குள் நுழையப் பல சாலைகள். எல்லாவற்றிலும் எந்நேரமும் சோதனைச் சாவடி போடப் போலீஸார் போதாது. மோப்ப நாய்களும் எல்லா முனையங்களுக்கும் வராது. உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவிலும் இதே பற்றாக்குறைதான். ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் காட்டையும் புல்வெளியையும் சில வனக்காவலர்கள் பெரும்பாலும் நடந்தே வேட்டைக்காரர்களிடமிருந்து காக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் ஒரே கணிதம் போனது. கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினரும் 2007-இல் விமான நிலையத்துக்கு ‘ஆர்மர்’ என்ற மென்பொருளைத் தந்தார்கள். காட்டு ரோந்துக்கான அவர்களுடைய ‘பாவ்ஸ்’ மென்பொருள் 2014-இல் உகாண்டாவில் சோதிக்கப்பட்டது.

இரண்டுக்கும் வேர், ஜெர்மன் பொருளியலாளர் ஷ்டாக்கல்பெர்க் 1934-இல் எழுதிய போட்டி மாதிரி. ஒருவர் முதலில் காய் நகர்த்துவார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டு நகர்த்துவார். இங்கே முதலில் நகர்வது காவல், வேவு பார்த்துவிட்டு வருபவன் எதிரி. அவன் பார்த்தாலும் பயனில்லாதபடி காவலைக் குலுக்கிப் போட வேண்டும், ஆனால் சமமாக அல்ல. நாய் ஒன்று, முனையம் இரண்டு. முதலாவதில் குண்டு வெடித்தால் இழப்பு மூன்று மடங்கு, நாய் நிற்கும் இடத்தில் தாக்குதல் பலிக்காது என்று வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று பங்கு நாட்கள் நாய் முதலாவதில் நின்றால், எங்கே தாக்கினாலும் எதிரிக்கு எதிர்பார்க்கக்கூடிய பலன் ஒரே அளவுதான். எந்த நாள் எங்கே என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இதை மனிதரிடம் விட்டால் தன்னையறியாமல் ஒரு வழக்கத்தில் விழுந்துவிடுவார்.

விமான நிலையத்தில் எதிரி வருவது மிக அரிது. அவன் ஒரே முறை வருவான், கச்சிதமாகக் கணக்குப் போடுவான் என்று வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. அங்கே எதுவும் நடக்காதிருப்பதே வெற்றி. ஆனால் அது மென்பொருளால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? ஆர்மரைப் பற்றிய பாராட்டுகளை நான் சற்றுத் தள்ளியே வைப்பது இதனால்தான்.

காட்டில் கணக்கு உடனே சோதனைக்கு வருகிறது. வேட்டைக்காரர் திரும்பத் திரும்ப வருகிறார், சுருக்குக் கம்பியை விட்டுச் செல்கிறார். அவரும் கச்சிதமான கணக்கர் அல்லர். பழகிய தடம், ஊருக்கு அருகாமை, இறைச்சிக்கான அவசரம் எல்லாம் அவரை இழுக்கின்றன. (அவரையும் குண்டு வைப்பவனையும் ‘எதிரி’ என்ற ஒரே பெயரில் அடக்குவது எனக்கு உறுத்துகிறது.) ஆகவே பாவ்ஸ் அவரைக் கச்சிதமான கணக்கராகக் கருதாமல், பழைய ரோந்துப் பதிவுகளிலிருந்து அவர் போக்கைக் கற்றது. நிலமும் பாடம் சொன்னது. பாவ்ஸ் சோதிக்கப்பட்ட மலேசியக் காட்டில் முதலில் கட்டம் கட்டமாக வரைந்த பாதைகள் மேடு பள்ளங்களில் நடப்பதற்கு உதவவில்லை. பின்பு மலைமுகடுகளையும் ஓடைகளையும் ஒட்டிப் பாதை வரைந்தார்கள்.

ஆனால் அந்தப் பதிவுகளிலேயே ஒரு பொறி உண்டு. காவலர் நடந்த இடத்தில்தான் கம்பி கண்ணில் படும். நடக்காத இடம் ஏட்டில் பாதுகாப்பானதாகத் தெரியும். தெரிந்த ஆபத்தைக் காக்கவா, தெரியாத இடத்தைத் துழாவவா என்று இருக்கிற சிலரையே பங்கிட வேண்டும். விமான நிலையத்துக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. குயின் எலிசபெத்தில் பிற்பாடு நடந்த ஒரு சோதனையில், காவலர் அதிகம் போகாத இரண்டு பகுதிகளைக் கணினி காட்டியது. ஒரு மாத ரோந்தில் அங்கே கொல்லப்பட்ட யானை ஒன்றும், இன்னும் எதுவும் சிக்காத சுருக்குகளும் கிடைத்தன.