கூரையிலிருந்து கூடத்துக்கு

முன்னறையில் நன்றாக வரும் வைஃபை படுக்கையறைக்குப் போனதும் அறுந்துவிடுகிறது என்று கடையில் சொன்னால், இன்று எடுத்து வைக்கப்படுவது மெஷ் தொகுப்பு. இரண்டோ மூன்றோ சிறிய பெட்டிகள் தமக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொண்டு, ஒரே பெயரில் வீடு முழுக்க இணையத்தைப் பரப்பும். 2016 பிப்ரவரியில் ஈரோ என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று பெட்டிகளை 499 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, வசதி படைத்த வீடுகளுக்கான புதுமையாகவே அது அறிமுகமானது. அதனால் மலிவான மெஷ் என்றாலே, விலை உயர்ந்த சரக்கில் பாதியைக் கழித்துச் செய்தது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இந்தத் தொழில்நுட்பத்தின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் முன்பே மெஷ் மொட்டை மாடிகளில் இருந்தது. அதை அங்கே ஏற்றியவர்கள், இணைப்பு தர எந்த நிறுவனமும் முன்வராத மக்கள். சிக்கனம் அதன் பிறவிக் குணம், விலைதான் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பதே என் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும்: மெஷ் பிறந்தது ராணுவப் பணத்தில் அல்லவா? உண்மைதான். 1971இல் நார்மன் ஆப்ராம்சனின் குழு ஹவாய்த் தீவுகளுக்கிடையே வானொலி அலையில் கணினிச் செய்தியை அனுப்பிய அலோஹாநெட்டில், எல்லாப் பேச்சும் ஒரே மைய நிலையத்தின் வழியாகத்தான் போனது. 1973 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நடத்திய பாக்கெட் ரேடியோ திட்டத்தில்தான், ஒரு கருவி வாங்கியதை அடுத்த கருவி கைமாற்றும் முறை வளர்ந்தது. யோசனையின் தாய்வீடு அதுவே. ஆனால் அந்தக் கருவிகளை எந்தக் குடும்பமும் வாங்கியிருக்க முடியாது. அந்த யோசனை சாமானியர் கைக்கு வர மூன்று கதவுகள் திறக்க வேண்டியிருந்தது. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்புகள் இரைச்சல் போடுவதால் யாருக்கும் வேண்டாதிருந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 1999இல் 802.11பி தரம் வந்து வைஃபை கருவிகள் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கின. மூன்றாவது கதவு, 2002 இறுதியில் லிங்க்சிஸ் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக்கறுப்பு ரவுட்டர். அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை விற்பவர் அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டதும் 2003இல் நிரல் வெளியானது. அதன்மேல் எழுந்த ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004இல் தொடங்கியது. 16 எம்பி நினைவகமும் 4 எம்பி சேமிப்பும் கொண்ட ஒரு வீட்டுப் பெட்டி, விரும்பியபடி மாற்றி எழுதக்கூடிய கணினியாகிவிட்டது.

அந்தப் பெட்டியை முதலில் கூரையேற்றிய ஊர்களில் முக்கியமானது பெர்லின். அங்கே நிலவிய பற்றாக்குறை விசித்திரமானது. ஜெர்மனி ஒன்றிணைந்த பின், 1990களில் கிழக்குப் பகுதிகளின் பழைய தொலைபேசிக் கட்டமைப்பை மாற்றியவர்கள், எதிர்காலத்தை நினைத்துப் பல வட்டாரங்களில் ஒளியிழையைப் பதித்தார்கள். பின்னர் உலகமெங்கும் அகலப்பட்டை இணையம் செம்புக் கம்பியில் ஓடும் டிஎஸ்எல் வடிவில் வந்தபோது, அது அந்த ஒளியிழையில் ஓடவில்லை. நவீனமானதைப் பெற்ற தெருக்களே வேகமான இணையமில்லாமல் நின்றன. ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் போன்ற பகுதிகளில் இருந்தவர்கள் ஃப்ரைஃபுங்க் என்ற பெயரில் கூடி, கூரைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் ஆன்டெனாக்களை நிறுத்தி, எங்கோ கிடைத்த ஓர் இணைப்பைத் தெருத்தெருவாகக் கடத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வழிகாணும் முறை ஓஎல்எஸ்ஆர். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 2003 அக்டோபரில் பொது ஆவணமாக வெளிவந்தது அது.

தாளில் நன்றாக இருந்த அந்த முறை கூரையில் திணறியது. செய்தி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்; எத்தனை தாவல்களில் போய்ச் சேரலாம் என்பதை மட்டும் எண்ணி, குறைந்த தாவல் உள்ள வழியையே அது எடுக்கும். குறைந்த தாவல் என்றால் நீண்ட தாவல், நீண்ட தாவல் என்றால் நலிந்த சிக்னல். இதற்கு விடை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடி மாணவர்கள் வீட்டுக் கூரைகளில் அமைத்த ரூஃப்நெட் ஆய்விலிருந்து கிடைத்தது. ஒரு செய்தி வெற்றிகரமாகச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று கணக்கிடுங்கள் என்றார்கள் அவர்கள். அனுப்புவதில் பாதிதான் போய்ச் சேர்கிறது, ஒப்புகையிலும் பாதிதான் திரும்பி வருகிறது என்றால், ஒரே தாவலுக்குச் சராசரியாக நான்கு முறை அனுப்ப வேண்டும். பழுதில்லாத இரண்டு தாவல்களுக்கோ இரண்டே முறை போதும். பெர்லின்காரர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் ஓஎல்எஸ்ஆரில் சேர்த்தார்கள். கூரைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது அடுத்த சிக்கல் வந்தது: ஒவ்வொரு சிறு பெட்டியும் ஊர் முழுவதன் வரைபடத்தையும் ஓயாமல் கணக்கிட்டுக் களைத்தது. 2006 வாக்கில் அவர்கள் பேட்மேன் என்ற புது முறையை எழுதத் தொடங்கினார்கள். புது ஊரில் வழி கேட்டுப் போகிறவருக்கு முழு வரைபடம் தேவையில்லை, அடுத்த முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்தால் போதும். பேட்மேனும் அப்படித்தான், இன்னாருக்குச் செய்தி போக எந்த அண்டைவீட்டார் நல்லவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். 2011இல் அதன் ஒரு வடிவம் லினக்ஸின் மையக் கருவிலேயே சேர்ந்தது. பணமில்லாத ஒரு கூட்டம் தன் கூரைச் சிக்கலுக்காக எழுதியது உலகப் பொதுச்சொத்தான இந்தத் தருணத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பெர்லின் தனி விதிவிலக்கில்லை. ஸ்பெயினின் கட்டலோனியாவில், ஓசோனா வட்டாரக் கிராமங்களுக்கு நிறுவனங்கள் அகலப்பட்டை தராத நிலையில் 2004இல் தொடங்கிய குய்ஃபி நெட், பின்னாளில் 30,000 கணுக்களை, அதாவது வலையின் இணைப்புப் புள்ளிகளை, தாண்டியது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வெளிப்புறப் பயன்பாட்டிலும் உரிமம் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமயமலைச் சரிவில் தர்மசாலாவில் மெஷ் உயிர்பெற்று, அம்மாதம் முடிவதற்குள் எட்டு வளாகங்களை இணைத்தது. அங்கும் மாற்றியமைத்த மலிவு ரவுட்டர்கள்தான், ஆன்டெனாக்களில் தொங்கிய குரங்குகளையும் தாங்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து, சுற்றுப்புறக் கண் பரிசோதனை மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்தது. மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியைத் திரையில் பார்த்துப் பேச முடிந்தது. அது நேருக்கு நேர் நிற்கும் ஆன்டெனாக்களின் இணைப்பு, மெஷ் அல்ல. ஆனால் மலிவான வைஃபையை அதன் தயாரிப்பாளர்கள் நினைக்காத தூரத்துக்கு இழுத்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் கூரைகளுக்கும் கடையில் விற்கும் தொகுப்புக்கும் உண்மையில் உறவு உண்டா, அல்லது இரண்டும் தனித்தனியே வளர்ந்தனவா என்று ஒருவர் கேட்கலாம். ரூஃப்நெட் மாணவர்கள் 2006இல் மெராக்கி நிறுவனத்தைத் தொடங்கினார்கள், 2012இல் சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் நிறைவேறிய 802.11எஸ் என்ற மெஷ் தரம், வரைவாக இருந்தபோதே ஏழைக் குழந்தைகளுக்கான எக்ஸ்ஓ மடிக்கணினியில் ஓடியது. 2016 டிசம்பரில் வந்த கூகுள் வைஃபை பெட்டிகளும் அந்தத் தரத்தின் மீதே நிற்கின்றன. உறவு இதற்குமேல் எப்படி வெளிப்படையாக இருக்க முடியும்?

வலுவான மறுப்பு வேறொன்று. கூரை வலைகள் மெதுவானவை. ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்றால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பெட்டிகளின் தனிப்பேச்சுக்கென்றே மூன்றாவது ரேடியோவைச் சேர்த்து அதைச் சரிசெய்தவை விலையுயர்ந்த தொகுப்புகள்தான் என்பார்கள். அவை நன்றாக வேலை செய்கின்றன, அவற்றை அமைக்க யாரும் நிரல் படிக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாதிக்கணக்கை முதலில் பட்டுணர்ந்தவர்கள் கூரைக்காரர்கள், அதற்கு அவர்கள் கண்ட தீர்வு இன்றும் செலவு குறைந்ததாகவே இருக்கிறது: முடிந்த இடத்தில் கம்பியை இழு, முடியாத இடத்தில் மட்டும் அலையை நம்பு. செங்கல்லும் கான்கிரீட்டும் சிக்னலை விழுங்கும் நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். மாடிக்கு ஒற்றை ஈதர்நெட் கம்பி போய்விட்டால் மூன்றாவது ரேடியோவுக்கு வேலையே இல்லை. மேலும், ஒரு நிறுவனத்தின் மெஷ் பெட்டி இன்னொன்றோடு பேசாது என்ற குறையைத் தீர்க்க, ஈசிமெஷ் என்ற பொதுச் சான்று 2018இல்தான் வந்தது. பெர்லின் கூரைகளில் ஓஎல்எஸ்ஆர் தெரிந்த எந்தப் பெட்டியும், யார் செய்ததானாலும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வலையில் சேர முடிந்தது. அந்த வசதி இன்றும் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும் மாதிரிகளின் பட்டியலில் பெயர் இருந்து, உள்ளிருக்கும் சில்லும் மெஷ் முறையை ஆதரித்தால், 802.11எஸ், பேட்மேன் இரண்டில் எதையும் ஏற்றலாம். புது இணைப்பு எடுத்தபோது கழற்றிப் பரணில் போட்ட பழைய ரவுட்டரே வீட்டின் இரண்டாவது கணுவாகிவிடும்.