பாவைத் தலையும் பல் வைத்தியக் கல்வியும்

கைத்திறனை வேண்டி நிற்கும் எத்தொழிலிலும் பயில்வோன் முதலிற் பிழை செய்தே தீருவான். பல் வைத்தியத்தில் அப்பிழையின் சுமையைத் தாங்குவோர் யார் என்பதே வினா. பல் வைத்தியக் கல்வியின் வரலாற்றை இவ்வினாவின் வழியே நோக்குதல் பொருத்தமாகும்.

பிரான்சு நாட்டவரான பியர் போஷார் 1728 ஆம் ஆண்டிலே பல் வைத்தியம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். தொழில் புரிவோர் தம்முள் மறைத்து வைத்திருந்த நுட்பங்கள் பல அதனாற் பொதுவறிவாயின. 1840 இல் ஹொறேஸ் ஹேடன், சப்பின் ஹரிஸ் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரிலே உலகின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினர். எனினும், நூலும் விரிவுரையும் கைக்குப் பழக்கம் அளிக்கமாட்டா. பிடுங்கிய பல்லைக் கையிலேந்திக் குடைந்து பழகலாம்; வாயின் ஒடுக்கத்தை அது உணர்த்தாது.

இக்குறையை நீக்க முற்பட்டவர் ஒஸ்வால்ட் பேர்கஸ். 1894 இல் அவர் காட்டிய பாவைத் தலை, உலோகத் தண்டொன்றிற் பொருத்தப்பட்ட இரு செயற்கைத் தாடைகளேயாம். காலப்போக்கில் அதற்கு அசையும் மூட்டும் இறப்பர்க் கன்னங்களும் சேர்ந்தன. நோயாளியைத் தொடுமுன் மாணவன் பிழை செய்து திருந்துவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

பல்லைக் குடைந்து அடைப்பதற்கு இப்பாவை பெரிதும் உதவிற்று. வாய்ச் சத்திரசிகிச்சையிலோ அதன் பயன் குறுகியதாகும். பல்லைப் பிடுங்குகையில் அதனைப் பற்றி நிற்கும் இழையம் சிறிது சிறிதாக நெகிழ்வதைக் கை உணரவேண்டும். கீழ்த்தாடையின் ஞானப்பல்லை அகற்றுகையில், அதன் வேருக்கு அண்மையிற் செல்லும் நரம்பு ஊறுபட்டால் உதடு உணர்விழக்கும். பாவையில் இரத்தம் பெருகுவதில்லை; உதடும் மரத்துப்போவதில்லை.

21 ஆம் நூற்றாண்டிலே அம்ஸ்ரடாம் முதலிய இடங்களிற் கணினிப் பாவனைக் கருவிகள் பயிற்சிக்கு வந்துள்ளன. மிளிரியின் வன்மையையும் அதன் கீழுள்ள பன்முதலின் மென்மையையும் அவை எதிர்விசையாகக் கைக்கு உணர்த்துகின்றன. ஒரே பல்லை நூறு முறை குடையவும் இடமளிக்கின்றன. ஆயினும், அஞ்சி நடுங்கும் நோயாளியின் முன் எங்கே நிறுத்தவேண்டும் என்னும் தெளிவு, அனுபவமிக்க ஆசானின் அருகில் நின்றே பெறத்தக்கது. முதற் பிழையைப் பாவை ஏற்கலாம். இறுதிப் பொறுப்பை ஏற்பவன் மனிதனே.